தெரியுதுங்க

மார்ச் 4, செவ்வாய்

இன்று மில்லில் தூணுக்கு வணக்கம் சொன்னேன். சூப்பர்வைசர் சசிதர் நிற்கிறார் என்று நினைத்துவிட்டேன். தூணும் அவரைப் போலத்தான், பதில் வணக்கம் கிடையாது.

அறுந்த நூலைக் குனிந்து ஒட்டிவிட்டு நிமிர்ந்தால், எந்த மிஷினில் நூல் அறுந்தது என்று காட்ட வரிசைக் கடைசியில் எரியும் சிவப்பு விளக்கு கொஞ்ச நேரம் பஞ்சு மாதிரி தெரிகிறது. அது விளக்காக மாறுவதற்குள் நான் வேறு மிஷினுக்குப் போய்விடுகிறேன். கண் ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டு வாங்கி வரவேண்டுமாம், இல்லாவிட்டால் சசிதர் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவாராம். அங்கே போனால் நாளெல்லாம் அட்டைப்பெட்டியோடுதான் பேச்சு. எனக்கு என் மிஷின்கள் வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

ஆஸ்பத்திரியில் ஒரு மீன் தொட்டி. ஒரு மீன் மட்டும் மூலையை விட்டு நகரவே இல்லை. கோபியில் என் பெரியம்மாவும் இப்படித்தான், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி வாசலை விட்டு நகராது. எதையோ எழுதப் போய் எங்கேயோ போய்விட்டேன்.

சோதனை செய்தது ஹர்ஷிணி என்று ஒரு சின்னப் பெண். எழுத்து அட்டையை என் கையில் கொடுத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்தாள். ஒரு பக்கம் ஒரு பவர், திருப்பினால் வேறு பவர். திருப்பும்போது எழுத்து மங்கும், தெளிந்ததும் சொல்லவேண்டும். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் கண் எவ்வளவு சுருக்காக மாறுகிறது என்று ஒரு நிமிஷம் எண்ணிப் பார்ப்பார்களாம்.

"தெரியுதுங்க" என்றேன். திருப்பினாள். "தெரியுதுங்க." வெளியே பெரிய வரிசை. அந்தப் பிள்ளை காலையில் சாப்பிட்டதோ இல்லையோ.

"காலேஜ் பசங்களுக்கே இந்த வேகம் வராதுங்க அக்கா" என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

கண் நன்றாக இருக்கிறது என்று சீட்டில் எழுதியிருக்கிறது. தூண் இன்னும் சசிதர்தான்.

மார்ச் 16, ஞாயிறு

ஞாயிறு சமையல் என் வீட்டுக்காரர் ஆல்வினுடையது. குழம்பு எப்படி என்றார். நல்லா இருக்குதுங்க என்றேன். அவரும் ஒரு வாய் வைத்தார். உப்பே போடவில்லை. என்னையே பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் சொல்லிப்போட்டு வந்தீங்களா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எழுத்து எனக்கு எங்கே தெளிஞ்சுது? அந்தப் பிள்ளை கையைத் தூக்கிப் புடிச்சுட்டு நிக்குது — எத்தனை நேரம் காக்க வெக்கறது? பாவமா இருக்காதா?

"அந்தப் புள்ள கேட்டது உன்ற கண்ணை. பதில் சொன்னது உன்ற மரியாதை" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஆல்வினும் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்தார். ஹர்ஷிணி இந்தத் தடவை 'தெரியுதுங்க'வை ஏற்கவில்லை. திருப்பும்போதெல்லாம் அட்டையில் ஒரு சொல்லைப் படித்துக் காட்டவேண்டும். இரண்டு பக்கமும் திருப்பிப் படித்தால் ஒரு சுற்று; ஒரு நிமிஷத்தில் நாலு சுற்று கூட வரவில்லை. அட்டைப்பெட்டிகள் கண் முன்னால் வந்து நின்றன. அவை மட்டும் உடனே தெளிவாகத் தெரிகின்றன!

பயிற்சி செய்தால் சரியாகும் என்றாள். மில்லுக்கும் எழுதிக் கொடுத்தாள். மே மாதம் வரை பார்க்கலாம் என்று சசிதர் முனகினார்.

ஏப்ரல் 2, புதன்

பயிற்சி இதுதான். கையில் காலண்டர் தாள், தூரத்தில் எதிர்வீட்டு மாடித் தொட்டியில் உள்ள எழுத்து. மாறி மாறிப் படிக்கவேண்டும். நான் ஏன் தினமும் முறைக்கிறேன் என்று எதிர்வீட்டு வெங்கடம்மாள் ஆல்வினிடம் கேட்டாராம். "உங்க தொட்டி எப்ப நிரம்புதுன்னு கணக்கு எடுக்கறாங்க" என்றிருக்கிறார் இவர். இப்போதெல்லாம் அந்த வீட்டு மோட்டார் நேரத்துக்கு நின்றுவிடுகிறது.

மே 6, செவ்வாய்

ஹர்ஷிணி கண்ணாடியைத் திருப்பினாள். "பொறு கண்ணு, இன்னும் வரல" என்றேன். பொறுத்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பிறகு எழுத்து வந்தது, படித்தேன். போகப்போக வேகம் கூடியது. பதினொரு சுற்று. காலேஜ் பசங்க அளவாம், இந்தத் தடவை நிஜமாகவே.

மே 11, ஞாயிறு

என் மிஷின்கள் என்னிடமே இருக்கின்றன. இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்க்கமுடியுமா என்று நேற்று சசிதர் கேட்டார். யோசிச்சுச் சொல்றனுங்க என்றேன். போனவர் வரிசைக் கடைசியில் நின்று திரும்பிப் பார்த்தார். முகம் சுருங்கியிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

மத்தியானம் குழம்பு எப்படி என்று ஆல்வின் கேட்டார்.

"உப்புக் கூடிப்போச்சுங்க."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அந்தப் புள்ள கண்ணோட நிறுத்தியிருக்கலாம்."