ஒன்று மட்டும் குறைகிறது

ஜூன் 16

விரலுக்குத் தடை போட்டாயிற்று. இனி வாண்டு கணக்குப் போடும்போது இரண்டு கையும் மேசைமேல் இருக்க வேண்டும், ஆடக் கூடாது. இரண்டாம் வகுப்பில் விட்டுவிட்டால் கல்யாண வயதிலும் விரலை மடக்கிக்கொண்டு நிற்பாள். அவள் அப்பாவைத்தான் பார்க்கிறேனே. பஸ் ஓட்டுகிற மனிதர். அடுத்த லீவு எந்தக் கிழமை என்று கேட்டால் இன்றும் கட்டைவிரல்தான் முதலில் கிளம்பும். "சின்னப் பிள்ளைடி, விடேன்" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் 24

தடை வேலை செய்கிறது. எட்டும் ஐந்தும்? பதிமூன்று. ஏழும் ஏழும்? பதினாலு. கை அசையவே இல்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி யோசிக்கிறாள், பிறகு பட்டென்று பதில். மனக்கணக்கு! எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்துக்கடையில் என்னோடு நிற்கிறவளிடம் இன்று முழுக்க இதே பெருமைதான். அவளுக்குக் காது புளித்திருக்கும்.

ஜூலை 5

முதல் பல் விழுந்தது. கீழ்வரிசையில், நடுவில். அப்பாவும் மகளுமாகக் கூத்தடிப்பார்கள் என்று நினைத்தேன். இவளோ கண்ணாடி முன்னால் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டல். பிறகென்ன முகம் அது?

ஜூலை 11

எட்டும் ஐந்தும் பன்னிரண்டாம்.

பன்னிரண்டு! போன மாதம் தூக்கத்தில் எழுப்பினாலும் பதிமூன்று என்றவள். திரும்பச் சொல் என்றேன், பன்னிரண்டு. ஏழும் ஏழும் பதிமூன்று. கத்திவிட்டேன். பென்சிலை அடுக்கி வைத்துவிட்டு, அழாமல், மெதுவாகச் சொன்னாள்: "எனக்குக் கணக்கு வராதும்மா."

அழுதிருந்தால்கூடத் தேவலை. ஏழு வயசு. அதுக்குள்ள இப்படி ஒரு பேச்சா? எங்கிருந்து கத்துக்கிட்டா — என்கிட்டேயிருந்தா?

ஜூலை 17

டீச்சர் கூப்பிட்டனுப்பினார். சின்னப் பெண்தான், ஆனால் விஷயம் தெரிந்தவர். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு தொடங்குகிறார்களாம். அது நடக்கப்போவது ஓவிய வகுப்பு நேரத்தில். வாண்டு பள்ளிக்கூடம் போவதே அந்த ஒரு வகுப்புக்காகத்தான். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் அவள் படங்களை ஒட்ட இனி இடமில்லை. அதையும் பிடுங்கினால், எனக்கு வராது என்று சொன்னதை முழுசாக நம்பிவிடுவாள். ஜென்மத்துக்கும் நம்புவாள்.

டீச்சர் அவளுடைய விடைகளை எடுத்துக் காட்டினார். "எல்லாத் தப்பும் ஒரே மாதிரி இருக்கு பாருங்க. மூணு, நாலு கூட்டினா சரியா வருது. அஞ்சோ அதுக்கு மேலயோ கூட்டினா ஒண்ணு மட்டும் குறையுது. ஏதோ ஒரு வழி வெச்சிருக்கா. அது என்னன்னுதான் பிடிபடல." வீட்டில் கவனிக்கச் சொன்னார். மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 18

"கையால எண்ணக் கூடாதுன்னுட்ட. அப்புறம் எதை வெச்சு எண்ணுறா?" என்று இவர் கேட்டார். மனசுக்குள் என்றேன். சொல்லும்போதே சந்தேகமாக இருந்தது.

ஜூலை 20

இதை எழுதும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பக்கத்துப் பல்லும் ஆடுகிறது. காலையில் பல் தேய்க்கும்போது அப்பா விளையாட்டாக, நான் பிடுங்கி விடட்டுமா என்று கேட்டிருக்கிறார். வீல் என்று கத்திக் குளியலறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள். கெஞ்சினோம், மிரட்டினோம், அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இதுவும் விழுந்துட்டா நான் எப்படிம்மா கூட்டுவேன்?"

கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே எல்லாவற்றையும் சொன்னாள். கையை ஆட்டக் கூடாது என்றேன். நாக்கை ஆட்டக் கூடாது என்று சொல்லவில்லையே! கீழ்வரிசையில் கடைசிப் பல்லிலிருந்து நடுவரை ஐந்து, மறுபக்கமும் ஐந்து. இரண்டு கை மாதிரியே. எட்டோடு ஐந்தைக் கூட்ட ஒரு பக்கத்தை நாக்கால் தொட்டு முடித்தால் போதும். பல் விழுந்ததும் அந்தப் பக்கம் நாலாகிவிட்டது. ஓட்டையையும் எண்ணலாமா கூடாதா என்று அவளுக்குச் சந்தேகம். என்னிடம் கேட்கப் பயம்.

என் பிள்ளைக்குக் கணக்கு வராதா? வாய்க்குள்ளேயே வழி கண்டுபிடித்தவள் அவள். என்னைத்தான் எதால் அடிப்பது?

"கதவைத் திற கண்ணு. கையாலயே எண்ணிக்கோ. அம்மா சொன்னது தப்பு" என்றேன். தாழ் திறக்க வெகுநேரம் ஆயிற்று.

ஜூலை 22

டீச்சரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, "விரலை நீங்க பிடுங்காதீங்க. வேண்டாம்னு ஆகும்போது பால் பல் மாதிரி தானா விழுந்துடும்" என்றார். அவளைத் தனி வகுப்பில் சேர்ப்பதை இரண்டு வாரம் தள்ளி வைத்திருக்கிறார். பத்துக் குழி உள்ள முட்டை அட்டையும் கொஞ்சம் பொத்தானும் வைத்து வீட்டில் விளையாடச் சொன்னார்.

ஜூலை 27

அட்டையில் எட்டுப் பொத்தான். இன்னும் ஐந்து கையில். இரண்டைப் போட்டதும் குழிகள் நிரம்பிவிட்டன, மூன்று மிச்சம். அதையே உற்றுப் பார்த்தாள். "பத்தும் மூணும்... பதிமூணு. ஓட்டையைத்தாம்மா முதல்ல பாக்கணும்." நான் வாயே திறக்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய சாதனை. இவரும் ஆட உட்கார்ந்து தோற்றுப்போனார். வேண்டுமென்றே தோற்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 3

மறுபடி குரலை உயர்த்திவிட்டேன். பாதியில் நிறுத்திக்கொண்டு துணி மடிக்கப் போனேன்.

ஆகஸ்ட் 19

பல் பள்ளிக்கூடத்தில் தானாகவே விழுந்திருக்கிறது. ஒரு கையில் பல், இன்னொரு கையில் ஓவிய வகுப்பில் வரைந்த படம். (தனி வகுப்பு இவளுக்குத் தேவையில்லை என்று டீச்சர் போன வாரமே சொல்லிவிட்டார்.) செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். படத்தில் ஒரு பெரிய வாய், நடுவில் கறுப்பாக ஓட்டை.

மொத்தம் இருபது இருந்ததாம், ரெண்டு போச்சாம், முதல் ஓட்டையில் புதுசு ஒன்று எட்டிப் பார்க்கிறதாம், ஆகப் பத்தொன்பதாம். மூச்சு விடாமல் பேசிக்கொண்டே சொன்னாள். கை இரண்டும் நிறைந்திருந்தன. நாக்குக்குப் பேசவே நேரம் போதவில்லை.

சரிதானா என்று பார்க்க, நான் மேசைக்கு அடியில் விரலை மடக்கினேன். அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"நீ எண்ணிக்கோம்மா, பரவாயில்ல" என்றாள்.