ஈரம் காயாத கல்

என் மனுஷனுக்கு,

வரிகள் கோணலாகப் போவதைப் பார்த்துப் பதறாதீர்கள். மேசை ஆடுகிறது.

இடித்த ரொட்டிக்கடை அடுப்பிலிருந்து நீங்கள் வாங்கிப் போட்ட பழைய கற்களை வைத்துப் பின்பக்கம் இரும்பு காய்ச்சும் உலை கட்டிவிட்டேன். "மழையில கிடந்த கல்லு. உள்ள ஈரம் இருந்தா சூட்டுல வெடிச்சிரும்டி, காயட்டும்" என்று கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னீர்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஒரே ஒரு கல்தான் வெடித்தது. ஒரு சில்லு கூரைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு போனது. இன்னொன்று... அதை நேரில் சொல்கிறேன்.

"அப்பாகிட்ட நான் சொல்லிடவா?" என்று மகள் தினமும் கேட்கிறாள். "வாயைத் தெறந்தே, அவ்வளவுதான்" என்று அதட்டி வைத்திருக்கிறேன். பாதி வேலையில் நீங்கள் ஓடிவந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

உலையைப் பிரித்து, இந்த முறை கற்களை வெயிலில் பரப்பி, தினமும் எடை போட்டேன். எடை குறைவது நின்ற பிறகுதான் அடுக்கினேன். மூன்று நாள் சின்னத் தீ மட்டும், அதுவும் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு. நேற்று முழுத் தீ மூட்டினேன். கற்கள் சத்தமே போடவில்லை. நான்தான் வெகுநேரம் தடுப்பை விட்டு வெளியே வரவில்லை.

கொத்தனார் கேட்ட உளியையும் அடித்துவிட்டேன். சுத்தியல் இரண்டு முறை குறி தப்பியது. போகப்போகப் பழகிவிடும் என்கிறார் மருத்துவர்.

வீட்டுக்கு வரும்போது எனக்கு இடப்பக்கமாக வாருங்கள். அந்தப் பக்கம் வந்தால்தான் உங்களைப் பார்க்க முடியும்.

உங்கள்
அவசரக்காரி