பேசாத கட்டையும் பின்பாட்டும்

இன்று காலை உன் வீட்டுக்கு வந்து உன் பியானோவின் மூடியைத் திறந்தேன். பாச்சா உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. எலி வராமலிருக்க நீ போட்டு வைத்தது. எலி எப்படியும் வந்துகொண்டுதான் இருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்தான் தும்மினார்கள்.

காய்ச்சல் என்று படுத்தவள், ஒரு தாக்கல் தகவல்கூடச் சொல்லாமல் போய்விட்டாய். வரும் ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் மண்டபத்தில் உன் பாட்டுகளை மட்டுமே பாடப்போகிறோம். பியானோ வாசித்து முன்னால் பாட வேண்டியவள் நான். எந்தத் தைரியத்தில் ஒத்துக்கொண்டேனோ தெரியவில்லை. இத்தனை வருடமும் நான் உனக்குப் பின்பாட்டு. நீ அடி எடுப்பாய், நான் பதில் பாடுவேன். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கப் பழகினேனே தவிர, ஒரு பாட்டைக்கூட நானாகத் தொடங்கியதில்லை.

இந்தப் பியானோவின் நடுவில் ஒரு கட்டை பேசாது. அமுக்கினால் 'டொக்' என்று மரச்சத்தம் மட்டும் வரும். வேறு யாராக இருந்தாலும் ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்திருப்பார்கள். நீயோ எந்தப் பாட்டைக் கட்டினாலும் முதல் அடியைக் கொண்டுபோய் அந்தக் கட்டையிலேயே முடித்தாய். டொக். அங்கே பியானோ வாயை மூடும், நான் வாயைத் திறப்பேன். "அது ஒன் எடம்டி. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்" என்பாய்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளாவுக்குப் போகும் லாரிகளைப் பார்த்துவிட்டு வந்து நீ கட்டிய பாட்டுதான் ஊருக்கே பிடித்தது. உன் அம்மாவுக்கு மட்டும் ஆகாது. "மாதா கோயில் பாட்டுக்குன்னு ஒங்க அப்பா வாங்கிப்போட்ட பெட்டி. அதுல லாரிக்காரன் பாட்டா?" என்று அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வார். நீ இடது கையை இன்னும் ஓங்கி அடிப்பாய், உறுமி தோற்றுப்போகும். நல்ல திமிர் உனக்கு. எனக்கு அந்தத் திமிர்தான் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்காக நான் கூப்பிட்டிருந்த பியானோ சரிசெய்கிறவர் மதுரையிலிருந்து வந்திருந்தார். "அந்தக் கட்டையையும் பாத்துரவாம்மா?" என்றார்.

"பாருங்கண்ணே" என்றேன். போன ஆளின் ஞாபகமென்று உடைந்ததை உடைந்தபடியே பூட்டி வைக்கிற புத்தி நம் இரண்டு பேருக்கும் இருந்ததில்லை.

அவர் போனபின் லாரிப் பாட்டை எடுத்தேன்.

"தக்காளி லோடோட மலைதாண்டும் மச்சானே..."

கட்டை கணீரென்று பேசியது. பழக்கதோஷம், அங்கேயே நின்றுவிட்டேன். அடி எடுத்தவளும் நானே, பதில் பாட வேண்டியவளும் நானே. அழுதேன், அதில் என்ன மறைக்க இருக்கிறது.

அப்போது அடுப்படியிலிருந்து, சுருதி கொஞ்சம் விலகி, ஒரு குரல் வந்தது.

"தாக்கல் ஒண்ணு சொல்லாமப் போனியே மச்சானே..."

உன் அம்மா. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்தே உன் பாட்டையெல்லாம் மனப்பாடம் செய்திருக்கிறார். கரண்டியும் கையுமாக வாசற்படியில் வந்து நின்றார். கண் கலங்கித்தான் இருந்தது. குரலில் பழைய அதட்டல் அப்படியே இருந்தது.

"ஏன் பாத்திமா நிறுத்திட்ட? அடுத்த அடிய எடு. செத்த நேரந்தான் நிப்பேன், அடுப்புல வெஞ்சனம் தீஞ்சிரும்."

எடுத்தேன். ஒரு சரணம் விடாமல் பாடி முடித்தோம். வெஞ்சனம் தீய்ந்துதான் போனது.

ஞாயிற்றுக்கிழமை முதல் அடி என்னுடையது. பதில் பாட உன் அம்மாவும் மேடைக்கு வருகிறார். அந்தக் கட்டை வரும்போது மட்டும் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பேன். அது உன் அம்மாவின் இடம். நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்.