மூன்று தரம் கூப்பிடுவோம்

மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். நீ தலைமை எழுத்தர் ஆன செய்தியை உன் அண்ணி இன்னும் தெருத்தெருவாகச் சொல்லி முடிக்கவில்லை. புது வீட்டில் பீரோ கதவு ஒழுங்காக மூடுகிறதா? அதை மூன்று மாடி தூக்கிய என் இடுப்பு இன்னும் வழிக்கு வரவில்லை.

நேற்று உங்கள் நகராட்சி நீதிமன்றத்திலிருந்து ஒரு உறை வந்தது. நீதான் ஏதோ எழுதியிருக்கிறாய் என்று ஆசையாகப் பிரித்தேன். சம்மன். அன்றைக்கு உன் பீரோவை இறக்குவதற்காகத் தீயணைப்பு நிலைய வாசலில் வண்டியை நிறுத்தினேனே, அதற்குத்தான். கீழே உன் கையெழுத்து.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். இருபது வருடமாக, அடுத்தவர் வாசலை மறிக்காதே என்று ஊருக்கே பாடம் எடுக்கிறேன். இது வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். அங்கே எல்லாமே நீதானே. அந்தத் தாளைக் கட்டுக்கு அடியில் தள்ளிவிடு. அப்பா போன பிறகு உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இது ஒன்றுதான்.

உன் அண்ணன்

மார்ச் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

பீரோ நன்றாக மூடுகிறது. திறப்பதுதான் சிரமம்.

எல்லாமே நான்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே மொத்தம் ஐந்து பேர், அதிலும் இரண்டு பேர் பாதி ஆள். நீதிபதி செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவார். மற்ற நாளில் பக்கத்து ஊரில் வக்கீல் தொழில். நகராட்சி தரப்பு வழக்கறிஞர் மூன்று ஊருக்கு ஒருவர், எப்போது பார்த்தாலும் மூச்சு வாங்கிக்கொண்டே வருவார். பெயர் கூப்பிடுகிறவரைக் குரலுக்காக 'வெண்கலம்' என்போம். கதவைத் திறப்பதும், சத்தம் போடுகிறவர்களை வெளியே கூட்டிப் போவதும் அவர்தான். உதவி எழுத்தர் ஜன்னலில் உட்கார்ந்து தாள்களை வாங்குவதால் ஜன்னல் அக்கா. அப்புறம் நான்.

ஒரு வழக்கு வந்தால் ஜன்னல் அக்கா எண் போடுவார். நான் பதிவேட்டில் ஏற்றுவேன். வழக்கறிஞரிடம் ஒரு பிரதி போகும், நீதிபதி மேசைக்குப் பட்டியல் போகும். என்னிடம் இருப்பதை ஒளித்தால் மற்ற மூன்று இடத்திலும் அது பல்லிளிக்கும். ஒளிக்க முடிந்தாலும் ஒளிக்க மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமைதோறும் நாற்பது சம்மனில் கையெழுத்துப் போடுவேன். உங்கள் பெயரைக் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். கவனித்தேன் அண்ணா. பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன், பிறகுதான் போட்டேன். இவர் என் அண்ணன் என்று நீதிபதியிடம் எழுதியும் கொடுத்துவிட்டேன். உங்கள் வழக்கு வரும்போது என் நாற்காலியில் ஜன்னல் அக்கா உட்காருவார். இங்கே அதுதான் முறை.

முடியாது என்ற ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நீட்டியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தங்கச்சி

மார்ச் 12

மதிப்பிற்குரிய தலைமை எழுத்தர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் அலுவலகம் நடக்கும் விதத்தை விளக்கியதற்கு நன்றி. அடுத்த முறை வீடு மாறும்போது பீரோ தூக்க அந்த ஐந்து பேரையும் கூப்பிட்டுக்கொள்ளவும்.

இருபத்திரண்டாம் தேதி விசாரணைக்கு நான் வருவதாக இல்லை.

இப்படிக்கு,
வழக்கு எண் 117

மார்ச் 15

அண்ணா,

கையெழுத்துப் போட்ட இடத்தைப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம் சமையலறையில் போய் அழுதேன்.

ஜன்னலில் வந்து யார் கேட்டாலும் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். பெயரை மூன்று தரம் கூப்பிடுவோம். கூடத்தில் ஒரு தரம், நடையில் ஒரு தரம், தெருக் கதவில் ஒரு தரம். அதற்கும் ஆள் வராவிட்டால், ஆஜராகவில்லை என்று எழுதி லைசென்ஸை நிறுத்திவைத்துவிடுவார் நீதிபதி. லைசென்ஸ் இல்லாத டிரைவிங் மாஸ்டரிடம் யார் வண்டி கற்றுக்கொள்ள வருவார்கள்? வந்து உள்ளதைச் சொன்னால் அவர் ஒன்றும் கடித்துத் தின்றுவிட மாட்டார்.

உங்களுக்காக எதையும் செய்வேன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இதைச் செய்ய முடியவில்லை. அதற்காக உங்களை இழக்கவும் என்னால் முடியாது. வாருங்கள் அண்ணா.

உங்கள் தங்கச்சி

மார்ச் 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

வெள்ளிக்கிழமை அந்தக் கூட்டத்தில் உன்னிடம் நாலு வார்த்தை பேச முடியவில்லை. உனக்குத் தெரியாத பாதியை எழுதுகிறேன்.

நான் காலை ஒன்பதுக்கே வந்துவிட்டேன். எதிர்ப்பக்கம், நிறுத்தலாம் என்று பலகை இருக்கிற இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வந்தேனே தவிர இறங்கும் எண்ணம் இல்லை. வெண்கலம் வந்து கத்துவார், காது கேட்காத மாதிரி இருந்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தது நீ. வெண்கலத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது, தான் உன் நாற்காலியில் இருந்ததால் கூப்பிட மிஞ்சியது நீ ஒருத்திதான் என்று ஜன்னல் அக்கா பிறகு சொன்னார். கூடத்திலும் நடையிலும் என் பெயரைத் தாளில் உள்ளபடி கூப்பிட்டாயாம். பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவள், எப்படித்தான் வாய் வந்ததோ. தெருவில் வாயைத் திறந்தாய், சத்தம் வரவில்லை. தாளைப் பார்த்தாய். அப்புறம் "அண்ணா" என்று போட்டாயே ஒரு கத்தல், போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

அது சம்மனில் இருக்கிற பெயர் இல்லை என்று நான் உட்கார்ந்தே இருந்திருக்கலாம். கால் தானாக இறங்கிவிட்டது.

உள்ளே நடந்ததை நீ வாசலில் நின்று கேட்டிருப்பாய். "அங்க வண்டிய நிறுத்துனீங்களா?" என்றார் நீதிபதி. "நிறுத்துனேங்க. பீரோ ரொம்ப கனம்" என்றேன். "என்ன வேலை பாக்குறீங்க?" என்றதும் எனக்கு வியர்த்துவிட்டது. "டிரைவிங் சொல்லிக் குடுக்குறேங்க." கூடமே சிரித்தது. மானம் கப்பலேறத்தான் செய்தது, ஆனால் வெளியே வந்தபோது நன்றாகப் பசித்தது.

நாலு சனிக்கிழமை உங்கள் ஊரில் சாலை விதி வகுப்பில் உட்கார வேண்டுமாம். பாடம் எடுக்கிறவர் யார் என்று தாளில் போட்டிருக்கிறது: என்னிடம் படித்து மூன்றாவது தடவையில் தேறிய பெண். முன் வரிசையில் என்னைப் பார்த்தால் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

நீ அந்தத் தாளை ஒளித்திருந்தால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அப்புறம் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வந்திருக்கும். கோபத்தில் எழுதியதைக் கிழித்துப் போடு.

உன் அண்ணன்

மார்ச் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

கிழிக்க மாட்டேன். எனக்கு உங்கள் மேல் கோபம் வரும்போது எடுத்துப் படிக்க வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் தெருவிலிருந்து திரும்பி உள்ளே போனதும், "மூணாவது தரம் பெயரைக் கூப்பிட்டாச்சாம்மா?" என்று நீதிபதி கேட்டார். அந்தக் கத்தல் அவர் காதிலும் விழுந்திருக்கும். "ஆள் வந்துட்டார் சார்" என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

வகுப்பு ஒரு மணிக்கு முடியும். சாப்பாடு இங்கேதான், அண்ணியையும் கூட்டி வாருங்கள். பீரோ தூக்க வந்ததை விட்டால், நான் எத்தனை தரம் கூப்பிட்டும் வேலை வேலை என்று வராதவர் நீங்கள். இனி நாலு வாரம் வந்தே தீர வேண்டும் என்று உத்தரவு. இந்த நீதிமன்றத்தில் ஒரு தண்டனை போதாது என்று எனக்குத் தோன்றியது இதுதான் முதல் தடவை.

உங்கள் தங்கச்சி