காவிரிக்கு நான் படைத்த மண்

ஆடி 15, வியாழன்
திண்டுக்கல்லில் காற்று மட்டும். மழை இல்லை. நம் வயலுக்கென்று அனுமதி வாங்கி ரெட்டியார்சத்திரம் பக்கக் குளத்தில் அள்ளிய வண்டல். அத்தனையும் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றியாயிற்று. கரூருக்கு அந்தப் பக்கம், காவிரிக் கரையில், தங்கை பார்வதியின் வாழைத்தோட்டம். கரை இடிந்து இடிந்து மோட்டார் ரூம் வரை வந்துவிட்டதாம். மேட்டூரில் உபரித் தண்ணீர் வேறு திறந்துவிட்டார்கள். மோட்டாரைக் கழற்றப் போவதாக மாப்பிள்ளை போன். "மாப்ள, தொடாதீக. நான் வாரேன்" என்றேன். அசாமுக்கு லாரி ஓட்டிய காலத்தில் பிரம்மபுத்திராவே எனக்கு வழிவிட்டது. பாலத்தின் மேல்தான், ஆனாலும் வழிதான்.
வாங்க வேண்டியது: கயிறு, முருங்கைக்காய், பி.பி. மாத்திரை.

ஆடி 16, வெள்ளி
வந்து சேர்ந்தேன். பார்வதி கல்யாணத்தின்போது இந்தக் கரையிலிருந்து காலை நீட்டினால் மணல். இன்று எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆறு பாதாளத்தில் ஓடுகிறது. அன்று சொம்புத் தண்ணீரை வைத்தால் விடிவதற்குள் அடியில் சந்தனம் மாதிரி வண்டல் படியும். இன்று மொண்டால் சொம்பின் அடி பளிச்சென்று தெரிகிறது.
மாப்பிள்ளை: "தெளிஞ்சு வருதுங்க மச்சான், அதானுங்க பயம். வண்டலெல்லாம் அணையிலயே தங்கிப்போகுது. அடியில இருந்த மணலையும் அள்ளிப்போட்டாங்க. வெறும் வயித்தோட வருது, கரையத் திங்குது."
"பசின்னா போட்டாப் போச்சு. அதுக்குத்தான மண்ணு கொண்டாந்திருக்கேன்."
பார்வதி: "அண்ணே, அதோட ஒரு வாய்க்குப் பத்துமா? மோட்டாரக் கழட்டுங்க."
மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். கழற்றவில்லை.

ஆடி 17, சனி
நாளெல்லாம் கரையடியில் மூட்டை அடுக்கினோம். கோட்டை மாதிரி. முதுகுவலி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியில் சாய்ந்துகொண்டு: "ஏனுங்க, திண்டுக்கல்லு மண்ணுன்னா பூட்டோடதானுங்களே வரும்?"
"சாவி எங்கிட்டதான் இருக்கு" என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஆடி 18, ஞாயிறு
பெருக்கு. ஆற்றில் இறங்க போலீஸ் விடவில்லை. பெண்கள் மேலேயே நின்று மஞ்சள் கயிறு, தேங்காய்ச் சோறு படைத்தார்கள். நான் மண் படைத்தவன். ஒரு படி மேல்.
உச்சி வேளையில் தண்ணீர் ஏறியது. சத்தமே இல்லை. எருமை தீவனம் எடுப்பதுபோல ஒவ்வொரு மூட்டையாக எடுத்துக்கொண்டது. சாக்கு கிழிந்து எங்கள் குளத்து மண் தெளிந்த தண்ணீரில் கறுப்பு வாலாக நீண்டது. செத்த நேரம்தான். அப்புறம் வாலும் இல்லை. எத்தனை தலைமுறை மழை சேர்த்த மண்! என் கை தானாகக் கும்பிட்டது.
பிறகுதான் காலடியில் விரிசல் பார்த்தேன். பார்வதி யாரையும் கேட்கவில்லை. ஸ்பேனரோடு மோட்டார் ரூமுக்குள் போய்விட்டாள். "கும்புட்டது போதும்ணே, கயித்தப் புடி!" மூன்று பேரும் இழுத்தோம். மோட்டார் வாழைக்குள் வந்து விழவும், பின்னால் ரூம் அப்படியே உட்கார்ந்து இறங்கியது. சோழர் கட்டியதாக இருந்தாலும் நிற்காது.
மோட்டாரை ஒற்றைக் கையால் இழுத்தேன் என்றுதான் ஊரில் சொல்வேன்.

ஆடி 19, திங்கள்
வெயில். கை தோல் உரிந்திருக்கிறது. புது ரூமுக்கு இடம் பார்க்கிறோம். மாப்பிள்ளை வாழை நடுவில் நின்று, "இங்கங்களா மச்சான்?" நான் ஆற்றைப் பார்த்தேன். பார்வதிதான் சொன்னாள்: "இன்னும் பின்னாடி போங்க." போனார். "இன்னும்." ஆற்றைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார். "இன்னும்." வீட்டு அடுக்களைச் சுவரில் அவர் முதுகு முட்டியது.