மஸ்கட் வெயிலும் மெல்லிசுப் பனியனும்

பொங்கலூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் தரணீதரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி யாழினியும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தானே என்று கேட்கத்தான் கை வரவில்லை. ஒரு வாரமாகக் கூப்பிட்டால் எடுப்பதில்லை, வீடியோவில் வா என்றால் நெட் இல்லை என்று மெசேஜ் போடுகிறாய். உன் ரூமில் இருக்கும் மாரிச்செல்வம்தான் மனசு கேட்காமல் உன் முதுகைப் போட்டோ எடுத்து யாழினிக்கு அனுப்பினான். வெயில்ல வெந்து முதுகு பூரா கொப்புளம்மா, காய்ச்சல்ல நடுங்குதான், ஆனாலும் விடிஞ்சா சோலார் தகடு மாட்ட மொட்டைமாடிக்கு ஏறிப் போயிருதான், சொன்னா கேக்க மாட்டேங்கான் என்று அழாத குறையாகச் சொன்னான்.

அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை சாமி. உங்கப்பா அதைவிட மோசம். நீ கிளம்பும்போது, வெயில் ஊருக்குப் பனியன்தான் தோது என்று கை இல்லாத பனியனாக ஒரு டஜன், அதுவும் இருப்பதிலேயே மெல்லிசாகப் பார்த்துப் பெட்டியில் வைத்தவர் அவர்தானே. பனியன் கம்பெனி டெய்லருக்கு வேறென்ன தோன்றும். நேற்று அதே துணியை எடுத்து வந்து கம்பெனியில் நான் துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிள் லைட்டில் பிடித்துப் பார்த்தார், ஐந்து விரலும் அப்படியே தெரிந்தது. எம்பையன வெயில்ல அம்மணமா நிறுத்திப்போட்டனே தெய்வா என்று என்னிடம் சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். செக்கிங் பெண்கள் எல்லாம் பார்த்தார்கள், அவருக்கு அது கூட உறைக்கவில்லை.

கெட்டித் துணியில் முழுக்கையும் காலரும் வைத்துத் தொளதொளவென்று நாலு சட்டை தைத்திருக்கிறார். தலைக்குத் துண்டு போட்டுக் காது கழுத்தெல்லாம் மூடிக் கட்டு, வெளியே தெரியும் இடத்தில் சன்ஸ்கிரீன் பூசு, வேர்த்தால் மறுபடி பூசு, ஆம்பளைக்கு எதுக்கு கிரீம் என்று பல்லைக் காட்டாதே. இதெல்லாம் புண் ஆறின பிறகுதான், இப்போது நீ வெயிலில் கால் வைக்கவே கூடாது. பல்லடத்து டாக்டரம்மாவிடம் போட்டோவைக் காட்டினேன். கொப்புளத்தைக் குத்தக் கூடாதாம், ஐஸ் வைக்கக் கூடாதாம், பேஸ்ட் எண்ணெய் ஒன்றும் தடவக் கூடாதாம், பச்சைத் தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியைப் போட்டுப் போட்டு எடுக்க வேண்டுமாம், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம். துணிக்கு வேண்டுமானால் அந்தப் பனியனைத் துவைத்துக் கிழித்துக்கொள். கடைசியில், காய்ச்சலும் சேந்துருச்சுன்னா ஊட்டு வைத்தியம் பத்தாதுங்கம்மா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

முடியவில்லை என்று தெரிந்தால் சூப்பர்வைசர் ஊருக்கு ஃப்ளைட் ஏற்றிவிடுவார் என்று பயந்து மறைக்கிறாயாம், மாரிச்செல்வம் சொன்னான். ஏற்றட்டும் கண்ணு. வேலை போய் வந்துட்டான் என்று நாலு பேர் பேசினால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ வராமலே போய்விட்டால் நான் யாருக்கு என்ன பதில் சொல்வேன்.

அவிநாசியப்பன் உனக்கு நீண்ட ஆயுசைத் தரட்டும். நம் பக்கத்து வீட்டு மகுடேஸ்வரன் லீவு முடிந்து இன்றே மஸ்கட் திரும்புகிறான், சட்டையும் கடிதமும் அவன் கையில்தான் வருகிறது. உன்னை ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் தன் ரூமுக்குப் போவதில்லை என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது அவன் உன் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பான், எழுந்திரு சாமி.

உன் அம்மா,
தெய்வாத்தாள்