பூலாங்குளம் கண்மாயில் விமானத்தைப் பிடித்த மலைச்சாமியை விடுவிக்க வேண்டி

அனுப்புபவர்:
ச. ஹாலாஸ்யம், வயது 47,
பத்திர எழுத்தர் மற்றும் ஏ.ஆர்.பி. என்னும் விமானத் தாக்குதல் தற்காப்பு வார்டன் (சம்பளமில்லாத பதவி),
ஒத்தக்கடை, மேலூர் ரோடு, மதுரை தாலுகா.

பெறுபவர்:
மாட்சிமை பொருந்திய ஜில்லா கலெக்டர் துரை அவர்கள்,
கலெக்டர் கச்சேரி, மதுரை.

விஷயம்: சென்ற 18-4-1942 அன்று நான் அனுப்பிய நான்கு பக்க அறிக்கையை ரத்து செய்யவும், அதன் பயனாகக் காவலில் இருக்கும் பூலாங்குளம் மலைச்சாமியை வைகாசி ஏழாந் தேதிக்கு முன் விடுவிக்கவும் கோருவது.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "என் தலைமையில் ஊரார் திரண்டு ஜப்பான்காரன் விமானம் ஒன்றை முழுசாகப் பிடித்தோம்" என்று மேற்படி அறிக்கையில் எழுதியிருந்தேன். விமானம் ஜப்பான்காரனுடையது அல்ல, நம் சர்க்காருடையது. தலைமை தாங்கியதாக நான் சொன்ன நேரத்தில் பூலாங்குளத்து நல்லகாமன் வீட்டு வைக்கோற்படப்புக்குள் புகுந்திருந்தேன். முழுவதும் புகுந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தலை மட்டுமே உள்ளே இருந்தது, பாக்கியெல்லாம் வெளியே இருந்தது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பார்த்தவர்கள் ஏராளம்.

2. என் பக்கத்து நியாயத்தையும் தாங்கள் கேட்க வேண்டும். அந்த மாதம் நம் கடற்கரை ஊர்களில் குண்டு விழுந்து, சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மதுரைக்கு ரயிலேறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு தகரத் தொப்பியும், ஒரு விசிலும், எதிரி விமானங்களின் படம் போட்ட காகிதம் ஒன்றும் சர்க்காரில் கொடுத்திருந்தார்கள். இறக்கையில் சிவப்பு வட்டம் இருந்தால் ஜப்பான்காரன் என்று அதில் கண்டிருந்தது. அன்று காலை நல்லகாமன் குடும்பத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப் பூலாங்குளம் போயிருந்தேன். யானைமலையைச் சுற்றிக்கொண்டு தாழ்வாக ஒரு விமானம் வந்தது. இறக்கையில் சிவப்பு வட்டம் தெரிந்தது. அந்தச் சிவப்பைச் சுற்றி வெள்ளையும் நீலமும் இருந்ததைக் கவனிக்க எனக்கு அவகாசம் இல்லை. விசிலை ஊதினேன் என்று அறிக்கையில் இருக்கிறது. விசில் ஒத்தக்கடையில் என் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

3. பிறகு நடந்ததை நல்லகாமனும் ஊராரும் சொல்லக் கேட்டு எழுதுகிறேன். வழி தவறிய அந்தச் சிறிய பயிற்சி விமானம் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் இறங்கிற்று. இறங்கியது நிற்கவில்லை. இயந்திரம் உறுமிக்கொண்டிருக்க, குதித்துக் குதித்து நேராக மடையை நோக்கி ஓடிற்று. மடை முழுக் கருங்கல். மடையடியில் ஒச்சாயி என்பவள் உள்ளிட்ட ஏழெட்டுப் பெண்கள் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது கரையிலிருந்து மலைச்சாமி பாய்ந்து, விமானத்தின் வாலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அது அவனை நூறு அடி இழுத்துக்கொண்டு போனது. முழங்காலும் மார்பும் தோலுரிந்தும் கையை விடவில்லை. கரையிலிருந்தவர்கள், "விடாதடா மாப்ள! மூணு சுத்து சுத்தட்டும், விடாத!" என்று கத்தினார்களாம். சிலர் சீட்டியடித்தார்களாம். விமானம் அரைவட்டம் சுற்றி, மடைக்குப் பத்து முழம் இருக்கும்போது நின்றது.

4. உள்ளேயிருந்து இருபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பையன் ஒருவர் இறங்கினார். கழுத்தில் வெள்ளைப் பட்டுத் துணி ஒன்று சுற்றியிருந்தது. அதற்குப் பின் நடந்ததுதான் இந்த வழக்கின் வேர். எங்கள் பக்கத்து மஞ்சுவிரட்டில், மாட்டின் மேல் கட்டிய துணி மாட்டைப் பிடித்தவனுக்குச் சொந்தம். இதில் மாட்டுக்காரனும் வாய் திறக்க மாட்டான். மலைச்சாமி ரத்தம் ஒழுக நின்றபடி விமானத்தை முன்னும் பின்னும் பார்த்தான். அதன் மேல் எங்கும் துணி இல்லை. துரையின் கழுத்தில்தான் இருந்தது. இரண்டு கையையும் நீட்டி, மரியாதையாக அவிழ்த்து எடுத்துத் தன் தலையில் கட்டிக்கொண்டான். துரையோ கையை மேலே தூக்கிக்கொண்டு நின்றாராம். மஞ்சுவிரட்டில் தீர்ப்புச் சொல்லும் நல்லகாமனிடம் யாரோ, "ஏண்ணே, இது மாடு இல்லையே, துணி செல்லுமா?" என்று கேட்டதற்கு அவர், "நின்னு வெளையாடுச்சுல்ல? அம்புட்டுத்தான். துணி மலைச்சாமிக்கு!" என்று முடித்துவிட்டார். பிறகு துரைக்கு நீர்மோர் கொடுத்தார்கள். மூன்று சொம்பு குடித்தார்.

5. இந்தக் கட்டத்தில் நான் படப்பிலிருந்து வெளிவந்து, தலையில் வைக்கோலோடு மொழிபெயர்ப்பாளன் ஆனேன். இந்த விமானத்துக்குப் பிரேக் என்பதே கிடையாது என்றும், வாலை யாரும் பிடிக்காமல் இருந்தால் விமானம் மடையில் மோதியிருக்கும் என்றும் துரை சொன்னார். மலைச்சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கி ஒரு சிகரெட்டும் கொடுத்தார். துணியைத் திருப்பிக் கேட்கவே இல்லை. இதை என் காதால் கேட்டேன், கண்ணாலும் பார்த்தேன். என் அறிக்கையில் விட்டுப்போன ஒரே உண்மை இதுதான். என் வீரத்துக்கு இடம் வேண்டியிருந்ததால் இதற்கு இடம் பற்றவில்லை.

6. விமானத்தின் வால் துணி இரண்டு முழம் கிழிந்தது நிஜம். அதைச் சேதப்படுத்தும் எண்ணம் மலைச்சாமிக்கு இல்லை. இவ்வட்டாரத்து ஆண்பிள்ளை பிறந்து வளர்வதே வாடிவாசலைப் பார்த்துக்கொண்டுதான். ஓடுகிறது எதுவானாலும் கை தானாகப் போய்விடும். பிடித்தால் விடக் கூடாது, நின்றால் துணியை எடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு யோசித்துச் செய்கிற காரியமே அல்ல. ஆகவே மலைச்சாமி செய்தது பழக்கத்தில் செய்தது. குற்ற நோக்கத்தில் அல்ல என்று பணிந்து சொல்லிக்கொள்கிறேன்.

7. நானோ, துரை நம் சர்க்கார் ஆள் என்று தெரிந்தும், எதிரி என்றால்தான் என் வீரம் எடுபடும் என்று நேரே தபாலாபீசுக்கு ஓடினேன். "மலைச்சாமி என்பவன் என் உத்தரவின் பேரில் எதிரியின் கழுத்திலிருந்து பட்டுத் துணியைப் பறித்தான்" என்று எழுதினேன். சாயங்காலத்துக்குள் செய்தி ஊர் ஊராகப் பரவி, காளவாசலில் விமானம் ஏழாகிவிட்டது. கப்பலூர் போய்ச் சேர்ந்தபோது, கடலைக் கண்டிராத அவ்வூரில் கப்பலே வந்து இறங்கிவிட்டதாம். இரண்டாம் நாள் போலீஸ் லாரி வந்தது. எதிரியின் துணி என்று நான் எழுதியது சர்க்கார் அதிகாரியின் துணியாக மாறிவிட்டபடியால், மலைச்சாமியின் பெயரில் சர்க்கார் விமானத்தைச் சேதப்படுத்தியதும் அதிகாரியிடம் வழிப்பறி செய்ததுமாக வழக்கு எழுதிக்கொண்டார்கள். சாட்சி என் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று இன்ஸ்பெக்டரே பாராட்டினார். உத்தரவு போட்டவன் என்று எழுதிக்கொண்டவனை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன். "ஓய், உம்மைப் படப்பில் பார்த்தவர்கள் முப்பது பேர் இருக்கிறார்கள்" என்றார்.

8. மலைச்சாமி பதினொரு நாளாகக் காவலில் இருக்கிறான். துணியை ஒப்படைத்து, திருடியதாக எழுதிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டால் லேசாக முடித்துவிடலாம் என்கிறார்களாம். அவன் மறுக்கிறான். நான் போய்ப் பார்த்தேன். "தொரை வந்து கேட்டா இந்தான்னு குடுத்துருவேன் அய்யரே. களவாண்டேன்னு மட்டும் எழுதிக் குடுக்க மாட்டேன். புடிச்சேன்ல?" என்றான். அவனுக்கும் ஒச்சாயிக்கும் வைகாசி ஏழாந் தேதி முகூர்த்தம் வைத்திருக்கிறது. பெண்ணின் தகப்பனார், மாப்பிள்ளை கம்பிக்குள் இருந்தால் அதே நாளில் வேறு இடத்தில் பெண்ணைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். துணி இப்போது ஒச்சாயியிடம் இருக்கிறது.

9. அந்தப் பெண் தினமும் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். முதல் நாள், "நாலு பக்கம் பொய் எழுதத் தெரிஞ்சவருக்கு ஒரு பக்கம் நெசம் எழுதத் தெரியாதாக்கும்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து வருகிறாள், நிற்கிறாள், அவ்வளவுதான். என் மனைவி வாலாம்பாள் அவளை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுக்கிறாள். எனக்கு அது கிடைத்து ஐந்து நாளாகிறது. "ஏன்னா, அந்தப் பொண்ணுக்கு ஒரு வழி பண்ணிட்டு வாங்கோ, அப்புறம் காப்பியப் பத்திப் பேசலாம்" என்கிறாள். காப்பிக்காக மட்டும் இதை எழுதவில்லை. அந்த முகூர்த்தத்தைக் குறித்துக் கொடுத்தவனும் நான்தான். அது தவறிப்போனால் என் பேனாவால்தான் தவறிற்று என்றாகும். இருபத்திரண்டு வருஷம் பிறர் சொல்லச் சொல்ல எழுதினேன், ஒரு பத்திரமும் கோர்ட்டில் தோற்றதில்லை. சொந்தமாக எழுதியது இது ஒன்றுதான். அதற்கு ஒருவன் உள்ளே இருக்கிறான்.

10. ஆகையால் தாங்கள் கருணை கூர்ந்து, எனது 18-4-1942 அறிக்கையை முதல் வரி முதல் கையெழுத்து வரை பொய்யென்று தள்ள வேண்டும். மேற்படி விமானத் துரை எந்தப் பாசறையில் இருந்தாலும் அவரிடம் ஒரு வரி வாக்குமூலம் வாங்க உத்தரவிட வேண்டும். மலைச்சாமியை வைகாசி ஏழுக்கு முன், கூடுமானால் மாப்பிள்ளை அழைப்பு வேளைக்கு முன், விடுவிக்க வேண்டும். பொய் அறிக்கை கொடுத்ததற்குத் தண்டனை உண்டென்றால் அதை எனக்குக் கொடுங்கள். தொப்பியை இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன்.

இதற்குமேல் அலங்காரமாக ஒரு வரி எழுதினாலும் தாங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

ஒத்தக்கடை,
1-5-1942.

பணிவுடன்,
ச. ஹாலாஸ்யம்

பின்குறிப்பு: எழுதியதைச் சம்பந்தப்பட்டவருக்கு வாசித்துக் காட்டுவது எங்கள் தொழில் முறை. அதன்படி இம்மனுவை ஒச்சாயிக்கு வாசித்தேன். ஆறாவது பாரா வந்ததும் இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். மலைச்சாமி இதுநாள் வரை ஒரு மாட்டையும் தொட்டதில்லையாம். மஞ்சுவிரட்டு அன்று மரத்தின் மேல்தான் இருப்பானாம். அப்படியானால் அன்று மட்டும் ஏன் பாய்ந்தான் என்பதற்கு, மடையடியில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தது யார் என்று மூன்றாவது பாராவில் பார்த்துக்கொள்ளவும்.